காகசஸ் மக்களுக்கும் தெற்காசியருக்கும் இடையே தெரியும் முகச்சாயலுக்குப் பழைய வம்சத் தொடர்பு காரணமா?

பதிவர்: குறுக்குத்துறை

அனைவருக்கும் வணக்கம். நான் காகசஸ் மலைப்பகுதி நாடான ஜார்ஜியாவின் திபிலீசி நகரில் மருத்துவம் பயின்று வருகிறேன். இங்கு வந்து சேரும் தமிழ் மாணவர்கள் பலரும் தமக்குள் பேசிக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு: இந்நாட்டு மக்களின் முகங்களில் நமக்குப் பழக்கமான ஒரு சாயல் தெரிகிறது என்பதே அது. அடர்ந்த கருமுடி, நடுவில் கூடிவரும் புருவம், எடுப்பான மூக்குத்தண்டு, சற்றே உள்வாங்கிய கண்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போது, நிறத்தை ஒதுக்கிவிட்டால், காஷ்மீரத்துக்காரரோ பஞ்சாபியரோ என்று எண்ணத் தோன்றுகிறது. சிலரைப் பார்த்தால் எங்கள் நெல்லைப் பக்கத்து முகங்கள்கூட நினைவுக்கு வருகின்றன.

இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் இரண்டு துருவங்களே கிடைக்கின்றன. இந்தியரில் பெரும்பகுதியினர் காகசஸ் மலையிலிருந்து இறங்கி வந்தவர்களே என்று ஒரு சாரார் அடித்துச் சொல்கிறார்கள். இரு நிலப்பரப்புக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று மறு சாரார் கையை விரிக்கிறார்கள். தொல்மனித எலும்புகளிலிருந்து எடுக்கப்பட்ட மரபணுக்களைக் கொண்டு இதற்கு உறுதியான விடை ஏதேனும் கிடைத்துள்ளதா? அவ்வாறு தொடர்பு இருக்குமானால், நம் கண்ணுக்குத் தெரியும் சாயலுக்கு அதுதான் காரணம் என்று கொள்ளலாமா?

பதிவர்: மண்ணடுக்கு

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை வேறு வேறு. முதல் கேள்விக்கு, தொடர்பு உண்டு, ஆனால் நீங்கள் குறிப்பிடும் முதல் சாரார் சொல்லும் வகையில் இல்லை என்பதே விடை.

நீங்கள் இருக்கும் நாட்டிலிருந்தே தொடங்கலாம். மேற்கு ஜார்ஜியாவில் சத்சூர்ப்லியா என்னும் குகையிலும் கோத்தியாஸ் என்னும் பாறை ஒதுக்கிலும் கிடைத்த இரண்டு மனித எலும்புகளின் மரபணுத்தொகை 2015-இல் வெளியிடப்பட்டது. முன்னது ஏறத்தாழ 13,300 ஆண்டுகளுக்கும் பின்னது ஏறத்தாழ 9,700 ஆண்டுகளுக்கும் முற்பட்டது. இவ்விருவரும் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்த ஒரே மரபைச் சேர்ந்தவர்கள். ஐரோப்பாவின் மேற்குப் பகுதி வேட்டைக்குடிகளிடமிருந்து இவர்களுடைய முன்னோர் சுமார் 45,000 ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டனர் என்று அவ்வாய்வு கணித்தது. இன்றைய மக்களில் இவர்களோடு மிக நெருங்கிய மரபுடையவர்கள் காகசஸ் பகுதியினரே, குறிப்பாக ஜார்ஜியர்கள். ஆக, உங்கள் தெருவில் நடமாடுபவர்களிடம் அந்தக் குகைவாசிகளின் பங்கு கணிசமாக உள்ளது.

அடுத்த ஆண்டிலேயே ஈரானின் சாக்ரோஸ் மலைப்பகுதியில், கஞ்ச் தாரே என்னும் இடத்தில் ஆடு வளர்த்து வாழ்ந்த தொடக்கக்கால மக்களின் மரபணுத்தொகையும் வெளிவந்தது. அவர்கள் காகசஸ் வேட்டைக்குடிகளுக்கு நெருங்கிய உறவினர்களாக இருந்தார்கள். நமக்கு முக்கியமான இடம் இதுதான்: சிந்துவெளி மக்களின் மரபில் பெரும்பங்கு இந்த ஈரானிய மரபோடு தொடர்புடையது. அம்மரபு தெற்காசியாவின் தொல் வேட்டைக்குடிகளோடு கலந்து உருவான மக்கள்தொகையே இன்றைய தெற்காசியரின் மூலங்களுள் மிகப் பெரியது.

இங்கே பலரும் இடறி விழுகிறார்கள். ஹரியானாவில் உள்ள சிந்துவெளி நாகரிக இடமான ராக்கிகரியில் 60-க்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகளைச் சோதித்தும், ஒரே ஒரு பெண்ணின் எலும்பிலிருந்து மட்டுமே பயன்படத்தக்க மரபணு கிடைத்தது. அந்த வெப்ப நாட்டு மண்ணில் அதுவே பெரிய காரியம். 2019-இல் வெளியான அந்த முடிவின்படி, அவரிடமிருந்த ஈரான் தொடர்புள்ள மரபு, ஈரானின் தொடக்கக்கால உழவர்களிடமிருந்து வந்ததன்று. அவ்விரு கிளைகளும் 12,000 ஆண்டுகளுக்கு முன்பே, அதாவது எவரும் உழவுக்கு வருவதற்கு முன்பே, தனித்தனியே பிரிந்துவிட்டிருந்தன. எனவே காகசஸ் குகைவாசிகளும் சாக்ரோஸ் மலைவாசிகளும் சிந்துவெளியினரின் மேற்கத்திய முன்னோரும் ஒரே கொடிவழியின் பங்காளிகள். ஒருவர் மற்றவருக்குத் தகப்பன் அல்லர். "காகசஸிலிருந்து வந்தவர்கள்" என்னும் பேச்சு இந்தப் பங்காளி உறவைப் பிள்ளை உறவாகத் திரித்துக் கூறுகிறது.

இன்னொரு வழியும் உண்டு. காகசஸ் மரபினரின் ஒரு பகுதி, கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளிகளில் வாழ்ந்த வேட்டைக்குடிகளோடு கலந்ததன் விளைவாகவே, 5,000 ஆண்டுகளுக்கு முன் யாம்னாயா எனப்படும் மேய்ச்சல் மக்கள் உருவானார்கள். அவர்களுடைய மரபில் ஏறத்தாழப் பாதி காகசஸ் சார்ந்தது. அந்தப் புல்வெளி மரபு ஐரோப்பிய உழவர் மரபோடும் கலந்து, கிழக்கே திரும்பி, கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடையே நடு ஆசியா வழியாகத் தெற்காசியாவை அடைந்தது. இன்றைய தெற்காசியரில் இது இல்லவே இல்லை என்னும் அளவிலிருந்து சுமார் 30 விழுக்காடு வரை வேறுபடுகிறது. வடக்கிலும் வடமேற்கிலும் மிகுதி, தெற்கில் குறைவு, சாதிக்குச் சாதி வேறுபாடும் உண்டு. காகசஸின் உண்மையான நேர்வழிப் பங்கு தெற்காசியாவுக்கு வந்தது இந்தச் சுற்றுப்பாதையில்தான். அதுவும் பாதியின் பாதியாகக் கரைந்த பிறகு.

பிரிந்த பிறகு இரு பக்கத்திலும் நடந்தது வேறு. காகசஸுக்குள் அனத்தோலிய (இன்றைய துருக்கிப் பகுதி) உழவர்களின் மரபு பெருமளவில் நுழைந்தது. ராக்கிகரிப் பெண்ணிடம் அதன் தடயம் காணப்படவில்லை. தெற்காசியாவில் தொல் வேட்டைக்குடிகளின் மரபு ஆழமாகக் கலந்தது. காகசஸில் அது இல்லை. ஆகவே மொத்தக் கணக்கில் பார்த்தால் ஜார்ஜியர்கள் ஆர்மீனியருக்கும் துருக்கியருக்கும் ஈரானியருக்கும் நெருக்கமானவர்கள், நமக்குத் தொலைவானவர்கள்.

பதிவர்: ஏட்டுச்சுவடி

மேலே உள்ள விளக்கத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் சாயல் பற்றிய இரண்டாம் கேள்வியை அவர் தொடாமல் விட்டுவிட்டார்; உண்மையில் சிக்கலே அங்குதான் உள்ளது.

இந்தக் கேள்வி இந்த வடிவில் நம் மனத்தில் எழுவதற்கே ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பணியாற்றிய உடற்கூற்றியல் அறிஞர் புளூமன்பாக், 1795-இல் மனித வகைகளை ஐந்தாகப் பிரித்தபோது, அவற்றுள் ஒன்றுக்குக் காகசஸ் மலையின் பெயரைச் சூட்டினார். தம்மிடமிருந்த மண்டையோடுகளில் ஜார்ஜியப் பெண் ஒருத்தியின் மண்டையோடே மிக அழகாக வடிவமைந்தது என்று அவர் கருதியதும், ஜார்ஜியரே உலகில் அழகிய இனம் என்று நம்பியதுமே அதற்குக் காரணங்கள். மனித வகைகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாக மாறுகின்றன, இடையே கோடு கிழிக்க இயலாது என்று அவரே எழுதியிருந்தும், பின்வந்தவர்கள் கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இந்தியாவில் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ரிஸ்லி, மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து அந்த விகிதத்தைக் கொண்டு சாதிகளை வரிசைப்படுத்த முயன்றார். அளவுகோலைக் கையில் எடுக்கும் முன்பே விடையை முடிவு செய்துவிட்ட ஆய்வு அது. நம் பாடநூல்களில் நெடுங்காலம் இடம்பெற்ற "காக்கசாய்டு" என்னும் வகைப்பாடு அந்த மரபின் எச்சமே ஆகும். இன்று ஒருவர் திபிலீசியில் நின்றுகொண்டு "இந்த மூக்கு நம் மூக்கு" என்று சொல்லும்போது, அவர் அறியாமலேயே அந்தப் பழைய பட்டியலைப் புரட்டுகிறார்.

அறிவியல் நோக்கில் பார்த்தாலும் மூக்கின் வடிவமும் முகத்தின் அகலமும் ஒன்றிரண்டு மரபணுக்களால் அமைபவை அல்ல. ஏராளமான மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறு சிறு அளவில் பங்களிக்கின்றன. தட்பவெப்பமும் தன் பங்குக்கு மூக்கின் அமைப்பைச் செதுக்குகிறது. அடர்ந்த கருமுடியும் பழுப்புக் கண்ணும் உலகின் பெரும்பாலான மக்களுக்கு உரியவை. அவற்றை வைத்து உறவு கொண்டாடினால் நாம் மெக்சிகோவரை சம்பந்தம் பேச வேண்டியிருக்கும். மேலும், நூறு முகங்களைக் கடந்து செல்லும்போது நம் ஊர்ச் சாயல் கொண்ட நான்கு முகங்கள்தாம் நினைவில் நிற்கின்றன. மற்ற தொண்ணூற்றாறு முகங்களை எவரும் கணக்கில் வைப்பதில்லை.

பதிவர்: குறுக்குத்துறை

இருவருக்கும் நன்றி. ஏட்டுச்சுவடி அவர்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆயினும், ஒரே முன்னோரிடமிருந்து வந்ததென்று உறுதியாகக் காட்டத்தக்க உடற்கூறு ஒன்றுகூட இல்லையா என்று அறிய விரும்புகிறேன்.

மற்றொன்று. என் வகுப்புத் தோழர் ஒருவர் மரபணுச் சோதனை செய்துகொண்டதில் அவருடைய தந்தைவழி மரபு "எல்" பிரிவு என்று வந்தது. ஆர்மீனியாவின் பழைய எலும்புகளிலும் அதே பிரிவு கிடைத்துள்ளதாக எங்கோ படித்துவிட்டு, தம் பாட்டன்மார் ஆர்மீனியர் என்று விடுதி முழுக்கச் சொல்லித் திரிகிறார்.

பதிவர்: மண்ணடுக்கு

ஒன்று உண்டு, நீங்கள் ஒதுக்கிவிட்டுப் பார்க்கச் சொன்ன நிறமே அது என்பதுதான் வேடிக்கை. எஸ்.எல்.சி.24ஏ5 என்னும் மரபணுவில் ஏற்பட்ட ஒரே ஓர் எழுத்து மாற்றம் தோலின் கருமையைக் குறைக்கிறது. வரிக்குதிரை மீனைக் கொண்டு நடந்த ஆய்வில் 2005-இல் இது வெளிப்பட்டது. ஜார்ஜியாவின் அந்தக் குகைவாசிகளிடமே இம்மாற்றம் இருந்தது. இன்று ஐரோப்பாவில் அநேகமாக அனைவரிடமும் உள்ளது. தெற்காசியாவில் தமிழர் உட்படக் கணிசமானோரிடம் உள்ளது. ஐரோப்பியரிடமும் தெற்காசியரிடமும் இருப்பது தனித்தனியாகத் தோன்றிய மாற்றமன்று, ஒரே மூதாதையிடமிருந்து வழிவழியாக வந்த ஒரே பிரதி என்று அதன் சுற்றுப்பகுதிகளை ஒப்பிட்டு நிறுவியிருக்கிறார்கள். ஆனால் இதனால் மட்டும் நிறம் முடிவாகிவிடுவதில்லை. எஸ்.எல்.சி.45ஏ2 போன்ற வேறு மரபணுக்களும் சேர்ந்தே ஒருவரின் நிறத்தை அமைக்கின்றன. அம்மரபணுவின் வெளிர்நிற வடிவம் ஐரோப்பாவில் மிகுதி, நம்மிடம் அரிது. ஆகவே பொது மூதாதையின் முத்திரையை உடலில் தாங்கிய இருவர் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் பார்ப்பவருக்கு அது தெரியாமல் போகலாம்.

உங்கள் தோழரைப் பொறுத்தவரை, அவர் படித்த செய்தி மெய்தான். ஆர்மீனியாவின் அரேனி குகையில் 6,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஆண்களின் எலும்புகளில் எல் பிரிவு கண்டறியப்பட்டது. உலகின் மிகப் பழைய தோல் காலணிகளுள் ஒன்றும், பழமையான திராட்சை மது தயாரிப்புக்கூடமும் கிடைத்த அதே குகைதான். ஆனால் தந்தைவழி மரபு என்பது தந்தை, தந்தையின் தந்தை என்று ஒரே நூலில் செல்வது. பத்துத் தலைமுறைக்கு முன் உங்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூதாதையர் இடங்கள் உள்ளன. அவற்றுள் ஓர் இடத்தைப் பற்றி மட்டுமே அது பேசும். எல் பிரிவு மிகப் பழங்காலத்திலேயே கிளைத்துப் பரவியது; தெற்காசியாவே இன்று அதன் பெரிய இருப்பிடம். அரேனிக்காரர் உங்கள் தோழருக்கு மூத்த பங்காளியாக இருக்கலாம், பாட்டனாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. தாய்வழி மரபைப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும்: இந்தியரில் பாதிக்கும் மேற்பட்டோர் எம் என்னும் பெரும்பிரிவைச் சேர்ந்தவர்கள், காகசஸில் அது மிக அரிது.

பதிவர்: கடற்கரைச்சாலை

வரலாற்றுக் காலத்துப் போக்குவரத்தையும் யாரேனும் குறிப்பிட வேண்டும், ஏனெனில் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர். ஆர்மீனிய வணிகர்கள் சென்னையில் நெடுங்காலம் வாழ்ந்தார்கள். உலகின் முதல் ஆர்மீனிய இதழான அஸ்தரார் 1794-இல் அச்சானதும் சென்னையில்தான். மறுதிசையில், அசர்பைஜானின் பாகூ நகருக்கு அருகே சுராகானியில் உள்ள ஆதிஷ்கா என்னும் நெருப்புக் கோயிலில் தேவநாகரியிலும் குர்முகியிலும் கல்வெட்டுகள் உள்ளன. மூல்தான் பகுதியிலிருந்து சென்ற இந்திய வணிகர்கள் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பொறித்தவை. அவற்றுள் பல விநாயகர் வணக்கத்தோடு தொடங்குகின்றன. தரையடியிலிருந்து வந்த இயற்கை எரிவாயு எரிந்துகொண்டிருந்த அவ்விடத்தை அவர்கள் ஜுவாலாஜி என்னும் சுடர்த் தெய்வமாக வழிபட்டார்கள்.

இவற்றைவிட ஆழமானது லோம் மக்களின் வருகை. ஆர்மீனியாவிலும் ஜார்ஜியாவிலும் வாழும் இச்சிறு சமூகத்தாரின் பேச்சில் இலக்கணம் ஆர்மீனியம், சொற்கள் பல இந்தியத்தைச் சேர்ந்தவை. வட இந்தியாவிலிருந்து மேற்கே பெயர்ந்த ரோமா மக்களின் உறவினராக இவர்கள் கருதப்படுகிறார்கள். ஆனால் வணிகர்களாயினும் லோம் மக்களாயினும், ஒரு நாட்டு மக்களின் முகத்தோற்றத்தையே மாற்றிவிடும் எண்ணிக்கையில் இருந்தவர்கள் அல்லர்.

பதிவர்: ஏட்டுச்சுவடி

மண்ணடுக்கு அவர்களுக்கு ஒரு குறிப்பு. ராக்கிகரி முடிவை நீங்கள் சற்று உறுதியாகவே எழுதிவிட்டீர்கள். இந்தியாவில் 2,762 பேரின் முழு மரபணுத்தொகையைப் படித்த ஆய்வு, நம் ஈரான் தொடர்புள்ள மரபுக்கு மிக நெருங்கிய பழைய மாதிரி தஜிகிஸ்தானின் சராஸ்ம் என்னும் இடத்தைச் சேர்ந்தது என்று காட்டுகிறது. பிரிவு அத்துணைப் பழையதா என்பதை ஒரே ஒரு பெண்ணின் சிதைந்த மரபணுவை வைத்து முடித்துவிடலாகாது.

பதிவர்: மண்ணடுக்கு

ஏற்புடைய குறிப்பு. ஒரே மாதிரியின் மீது இவ்வளவு பாரத்தை ஏற்றக் கூடாதுதான். ஆனாலும் கிழக்கு ஈரானிலும் துர்க்மெனிஸ்தானிலும் சிந்துவெளித் தொடர்புடைய 11 பேரின் எலும்புகள் ராக்கிகரிப் பெண்ணை ஒத்த மரபையே காட்டுகின்றன என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். சராஸ்ம் என்று வைத்துக்கொண்டாலும், நம் மேற்கத்திய மூலம் நடு ஆசியாவின் பக்கம் நகருமே தவிரக் காகசஸின் பக்கம் நகராது. ஆகவே குறுக்குத்துறை கேட்ட கேள்விக்கான விடை அதனால் மாறவில்லை.

அவர் உண்மையிலேயே அந்தப் பழைய ஈரானிய மரபை இன்று மிகுதியாகத் தாங்கிய தெற்காசியரைக் காண விரும்பினால், பலூசிஸ்தானத்துப் பலூச்சியரையும் பிராகுயி மக்களையும் பார்க்க வேண்டும். பிராகுயியர் பேசுவது திராவிட மொழி. மரபணுவில் அவர்களுக்கு நெருக்கமானவர்களோ நாம் அல்லர், ஈரானிய மொழி பேசும் அண்டைவீட்டுப் பலூச்சியர்.