நீர்நாய் வந்து போகிறது, கேமராவில் மட்டும் சிக்கவில்லை
வால்பாறையில், தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு ஓடைக்கரையில் தானியங்கிக் கேமரா வைத்திருக்கிறேன். தேடுவது நீர்நாய்களிலேயே மிகச் சிறிய இனத்தை. தினமும் காலையில் பாறைமேல் ஈரம் காயாத எச்சம், அதில் நண்டு ஓட்டுத் துணுக்குகள். கார்டைத் திறந்தால் முள்ளம்பன்றி, மிளா, காட்டுப்பன்றி எல்லாம் இருக்கின்றன. நீர்நாய் மட்டும் இல்லை.

கேமராவில் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கும் வெப்ப வேறுபாட்டை உணரும் பி.ஐ.ஆர். சென்சாரும் உள்ளன. நவம்பரிலிருந்து இதே கதைதான். உணர்திறனை உச்சத்தில் வைத்தேன், லித்தியம் பேட்டரி போட்டேன், கார்டை மாற்றினேன், முழங்கால் உயரத்துக்கு இறக்கினேன். எதிரே ஆடிய பெரணிச்செடிகளை ஒதுக்கிக் கட்டியதில் வெற்றுப் படங்கள் குறைந்தன, அவ்வளவுதான்.

நீரிலிருந்து ஏறும்போது ஈர ரோமத்தின் மேற்பரப்பு சுற்றுப்புறத்தின் வெப்பத்திலேயே இருப்பதால் சென்சார் ஏமாறுகிறது என்பது என் சந்தேகம். காட்டுப்பன்றிக்கு அந்தச் சிக்கல் இல்லை, வேண்டாத நேரத்திலும் விழுகிறது!

நீர்நாயைப் பதிவு செய்தவர்களிடம் ஒரே கேள்வி: சென்சாரை விட்டுவிட்டு, குறித்த இடைவெளியில் தானாகப் படமெடுக்கும் டைம்லாப்ஸை இரவு முழுக்க ஓட விட்டீர்களா, அல்லது அது உடலை உலர்த்தும் இடத்துக்குக் கேமராவை நகர்த்தினீர்களா?