‘ஸ்டாண்ட்பை’ மின்செலவுக்கு ‘அமர்நிலை’

வணக்கம்.

ரிமோட்டில் அணைத்த பிறகும் கருவிகள் இழுத்துக்கொண்டிருக்கும் ‘ஸ்டாண்ட்பை’ மின்செலவுக்குத் தமிழ்ச் சொல்லாகப் பாளையங்கோட்டை நண்பர் முன்மொழிந்த ‘கசிவு மின்சாரம்’, மடையை அடைத்த பிறகும் பலகை இடுக்கில் நீர் ஒழுகுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு உடனே பிடித்துப்போகும் சொல்தான். ஆயினும் ‘கசிவு மின்னோட்டம்’ என்பது காப்புறை பழுதுபட்டு நிலத்துக்குப் பாயும் மின்னோட்டத்தின் பெயராக ஏற்கெனவே வழங்குவதால், உயிரைப் பறிக்கக்கூடிய ஒன்றும் மின்கட்டணத்தைக் கூட்டும் ஒன்றும் ஒரே பெயருக்குள் வந்துவிடும். தவிர, கசிவு தற்செயலானது. இதுவோ வடிவமைப்பவர் தெரிந்தே வைத்த செலவு. ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிரை எதிர்பார்த்துத் தொலைக்காட்சியின் ஏற்பியும் ஒரு சிறு நுண்கட்டுப்படுத்தியும் (மைக்ரோகன்ட்ரோலர்) இரவெல்லாம் விழித்திருக்கின்றன. அவற்றுக்கு மட்டும் தனியே ஒரு சிறு மின்வழங்கி அமைத்து மற்றவற்றைத் துண்டிப்பதா, பெரிய மின்வழங்கியையே ஓடவிடுவதா என்பது சுற்று வரையும்போதே முடிவாகிவிடுகிறது.

இதற்கு எண்ணத்தக்க பிற சொற்களில் ‘காத்திருப்பு’ பிழையில்லை, ரயில் பயணச்சீட்டைத்தான் நினைவூட்டுகிறது. ‘காவல் நிலை’யை அவசரத்தில் படிப்பவர் காவல் நிலையத்துக்கே போய்விடுவார்.

நான் முன்வைப்பது ‘அமர்நிலை’. நம் பக்கத்தில் விளக்கை ‘அமத்து’ என்கிறோம். எழுத்து வழக்கில் அது ‘அமர்த்து’. பேச்சில் அது முழுதாக அணைப்பதையே குறிக்கிறது என்ற தடையை ஏற்கிறேன். எனினும் கையமர்த்துதலை எண்ணிப் பாருங்கள்: மேடையிலிருப்பவர் கையமர்த்தினால் கூட்டம் அடங்குமே தவிர, எழுந்து போய்விடாது. ரிமோட் செய்வதும் அதுவே.

இதற்கு இணையாக, எதற்கும் விழித்திராமல் கருவி அணைந்திருக்கும் நிலைக்கு (‘ஆஃப்’) ‘அணைநிலை’ என்ற சொல்லும் வேண்டும். 2008ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதி இவ்விரு நிலைகளையும் தனித்தனியே வரையறுத்து, 2010 முதல் 1 வாட், 2013 முதல் 0.5 வாட் என வரம்பிட்டது. தகவல் காட்டும் திரை இருந்தால் அவ்விதியில் அமர்நிலைக்கு இருமடங்கு சலுகை இருந்தது. ஆண்டு முழுதும் ஓயாது செல்லும் 1 வாட் 8.76 யூனிட் ஆகிறது. இணையத்துக்காக விழித்திருக்கும் கருவிகளுக்கு ‘வலையமர்நிலை’ என்று கிளைக்கவும் இச்சொல் இடம்தருகிறது. ‘அமர்வு’ கணினித் துறையில் வேறு பொருளில் (‘செஷன்’) வழங்குவதால், அதைத் தவிர்த்து ‘அமர்நிலை’ என்றே முழுதாக எழுதலாம்.

ஓர் ஐயம் எஞ்சுகிறது. சில பழைய கருவிகளில் பொத்தான் மின்மாற்றிக்குப் பின்னால், தாழ்மின்னழுத்தப் பக்கத்தில் இருக்கும். அதை அணைத்தாலும் மின்மாற்றி இளஞ்சூட்டோடு மின்சாரத்தை உண்டுகொண்டே இருக்கும். அங்கே எதுவும் விழித்திருக்கவில்லையாதலால் அதனை ‘அணைநிலை இழப்பு’ என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன். பழுதுபார்க்கும் தொழிலிலுள்ள நண்பர்கள் வேறு சொல் வழங்கினால் தெரிவிக்க வேண்டுகிறேன்.