மறு: [கலைச்சொல்] பேலன்ஸ் ஷாஃப்ட் – ‘சமநிலைத் தண்டு’ ஏன் ஒத்துவராது

குழுவினருக்கு வணக்கம்.

நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் தலைசிறந்தது எது என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும் தம்பி, அதில் வரும் ஒரே ஒரு பாகத்துக்கு, எஞ்சினின் உதறலைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்கு, தமிழ்ச்சொல் கேட்டு வந்தார். நாம் சொல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம். ஒருவர் ஹோண்டா கட்சி, ஒருவர் பிஎம்டபிள்யூ கட்சி, இன்னொருவர் இந்தியாவில் டீசல் சுவிஃப்ட் ஓட்டாதவனுக்கு எஞ்சினைப் பற்றிப் பேச உரிமையே இல்லை என்கிறார். நானும் சண்டையில் கொஞ்சம் கலந்துகொள்ளத்தான் போகிறேன். ஆனால் முதலில் சொல்.

> பேலன்ஸ் என்றால் சமநிலை, ஷாஃப்ட் என்றால் தண்டு. சமநிலைத் தண்டு. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. நான் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பேரிங் உட்காரும் இடம் தேய்ந்துபோய் இந்தத் தண்டு எப்போதாவது எங்களிடம் வரும். போன மாதம் வந்ததை வி-பிளாக் இரண்டின் மேல் வைத்து விரலால் ஒரு சுற்று சுற்றிவிட்டேன். அரைச் சுற்று போனது, தயங்கியது, திரும்பி வந்தது, ஊஞ்சல் போல நாலைந்து முறை ஆடி, கனத்த பக்கம் கீழே வர நின்றுவிட்டது. எத்தனை முறை சுற்றினாலும் அதே கதை. ஒரு பக்கம் இரும்பு முழுசாக இருக்கும், மறுபக்கம் பாதி செதுக்கி எடுத்தது போல இருக்கும். வேண்டுமென்றே சமன் குலைத்துச் செய்த பொருள் அது. எஞ்சினுக்குள் சமநிலையே இல்லாத தண்டு ஒன்று உண்டென்றால் அது இதுதான். இதைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறைப் பையனிடம் “இது சமநிலைத் தண்டு” என்றால் அவன் என்னை ஒரு மாதிரி பார்ப்பான். எடை சமன் பார்த்து, துளைபோட்டுச் சரிசெய்து அனுப்பும் கிராங்க் ஷாஃப்டைத்தான் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) அவன் அந்தப் பெயரால் சொல்வான். அதுதான் நியாயமும்கூட.

(கிராங்க் ஷாஃப்டுக்கு ‘வணரித்தண்டு’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. யாழின் வளைந்த கோட்டுக்குச் சங்கப் பாடலில் வரும் ‘வணர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. பிஸ்டனுக்குச் சில பட்டியல்களில் ‘ஆடுதண்டு’ என்று இருக்கிறது. அதையும் இங்கே கொண்டுவந்தால் ஒரே தண்டுக் குவியலாகிவிடும். எனவே இந்த மடலில் பிஸ்டன் பிஸ்டனாகவே இருக்கட்டும்.)

> அப்படியானால் ‘அதிர்வடக்கித் தண்டு’? வேலையைச் சொல்லும் பெயர்தானே?

வேலையைத் தப்பாகச் சொல்கிறது, அக்கா. அடக்குவது ரப்பர் மவுண்ட். அதிர்வை வாங்கி உள்ளேயே வெப்பமாக்கித் தீர்த்துவிடும். இந்தத் தண்டு எதையும் வாங்கிக்கொள்வதில்லை. தானும் பதிலுக்கு உதறுகிறது, எதிர்த்திசையில், அதே அளவுக்கு. இது ஏன் வேண்டியிருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் சொல்லும் தானாக வரும் என்று நினைக்கிறேன்.

மிட்சுபிஷியின் 4ஜி63 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பழைய லான்சர் எவல்யூஷன் கார்களில் ஒன்பதாவது வரை இருந்தது. 1,997 சிசி. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 88 மி.மீ. பிஸ்டனை வணரித்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு 150 மி.மீ. நாலு பிஸ்டனில் ஓரத்து இரண்டும் மேலே இருக்கும்போது நடுவில் இருக்கும் இரண்டும் கீழே இருக்கும். இரண்டு ஏற, இரண்டு இறங்க, கணக்கு நேராகிவிடும் என்றுதான் தோன்றும். இப்போது வணரித்தண்டைக் கால் சுற்று சுற்றுங்கள். பிஸ்டன்கள் பாதி வழியில், அதாவது உச்சியிலிருந்து 44 மி.மீ. கீழே இருக்க வேண்டும் அல்லவா? இருக்காது. கனெக்டிங் ராடு அப்போது சாய்ந்து நிற்கிறது. சாய்ந்த ஏணியின் உயரம் குறைவது போல அதன் உயரமும் குறைந்துவிடும். பிதாகரஸ் கணக்குப்படி பிஸ்டன் 50.6 மி.மீ. இறங்கியிருக்கும். அது நாலு பிஸ்டனுக்கும் ஒன்றுபோலத்தான். இறங்குகிறவையும் ஏறுகிறவையும் அந்த நொடியில் ஒரே மட்டத்தில், நடுவிலிருந்து 6.6 மி.மீ. தாழ்வாக நிற்கும். இன்னொரு கால் சுற்றில் பழையபடி இரண்டு மேலே, இரண்டு கீழே. சராசரி மீண்டும் 44.

ஆக, நாலு பிஸ்டனின் எடையும் சேர்ந்து ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை 6.6 மி.மீ. கீழே விழுந்து மேலே எழுகிறது. 6,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 6,000 சுற்றில், நொடிக்கு 200 தடவை. ஒவ்வொரு பிஸ்டனும் அதோடு ஆடுகிறதும் சேர்ந்து அரைக் கிலோ என்று வைத்தாலே உதறும் விசை ஏறக்குறைய ஒரு டன் எடைக்குச் சமமாகிவிடுகிறது. நாலு சிலிண்டரை வரிசையாக நிறுத்தி, இப்படி இரண்டு ஏற இரண்டு இறங்க ஓடும் எல்லா எஞ்சினுக்கும் உள்ள பிறவிக்குணம் இது. எவ்வளவு நுட்பமாகக் கடைந்தாலும் போகாது.

இதற்குப் பதில் கண்டவர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டுவிட்டார். ஒருபக்கம் கனத்த தண்டுகள் இரண்டை வணரித்தண்டைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலவிட வேண்டும். பக்கவாட்டு இழுப்பை அவை தங்களுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளும். மேல் கீழ் இழுப்பு மட்டும் மிஞ்சும். பிஸ்டன்கள் கீழே விழும்போது இவற்றின் கனத்த பக்கம் மேலே வருகிற மாதிரி கோத்துவிட்டால் முடிந்தது. 1975-இல் மிட்சுபிஷி இதில் ஒன்றை உயரத்திலும் ஒன்றைத் தாழ்விலும் வைத்து, எஞ்சின் பக்கவாட்டில் உருளும் ஆட்டத்தையும் குறைத்தது. ‘சைலண்ட் ஷாஃப்ட்’ என்று விளம்பரப் பெயரும் வைத்துக்கொண்டது. 2.5 லிட்டரில் நாலு சிலிண்டர் 944-ஐக் கொண்டுவந்த போர்ஷேகூட இதற்கு மிட்சுபிஷியிடம் உரிமம் வாங்க வேண்டியிருந்தது.

> சிறந்த எஞ்சின்களுக்கு இந்தத் தண்டே தேவைப்படவில்லை. ஹோண்டா எஃப்20சி-யைப் பாருங்கள். சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

வந்துவிட்டார் ஹோண்டாக்காரர்! எஸ்2000 ஸ்போர்ட்ஸ் காரின் எஃப்20சி-யில் இந்தத் தண்டு இல்லை என்பது உண்மை. 1999-இல் வந்த எஞ்சின், 2 லிட்டர், டர்போ கிடையாது. ஜப்பானில் 250 குதிரைத்திறன், சுழல் வேகத்தின் உச்ச வரம்பைக் காட்டும் சிவப்புக் கோடு 9,000 ஆர்பிஎம்மில். உதறும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏறும். 6,000-இல் இருப்பதைவிட 9,000-இல் இரண்டேகால் மடங்கு. அதைத் தாங்குகிற மாதிரி அடிப்பாகத்தைக் கட்டினார்கள். ஓட்டுகிறவரும் அந்தத் துடிப்புக்காகவே காசு கொடுத்தவர். உதறல் இல்லாமல் போகவில்லை, அதை விரும்பி வாங்கினார்கள், அவ்வளவுதான். அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வாங்கும் காருக்கு இந்த நியாயம் பொருந்தாது.

பந்தய எஞ்சின்களின் நியாயம் இன்னும் தனி. 1912-இல் பிரெஞ்சு கிராண்ட் பிரீ வென்ற பெஜோவுக்கு 7.6 லிட்டர், நாலே சிலிண்டர். ஃபியட்டின் எஸ்76 பற்றி இங்கே யாருமே சொல்லாதது ஆச்சரியம். 28 லிட்டருக்கு மேல், அதிலும் நாலே சிலிண்டர். ஒரு சிலிண்டர் மட்டும் 7 லிட்டர், நம் வீட்டுக் குக்கர் அளவு. அந்தக் காரை ஓட்டியவர்களிடம் போய் உதறல் எப்படி என்று யார் கேட்பது?

என் ஓட்டு பிஎம்டபிள்யூ எம்10-க்கு. 1962-இல் ஒரு சாதாரணக் குடும்பக் காருக்காகச் செய்த 1.5 லிட்டர் எஞ்சின். அதே அடிப்படையில் வந்த டர்போ எஞ்சினை வைத்து 1983-இல் பிராபம் காரில் நெல்சன் பிக்கே ஃபார்முலா 1 பட்டம் வென்றார். டர்போ எஞ்சினால் ஓட்டுநர் பட்டம் கிடைத்தது அதுதான் முதல்முறை. பிற்பாடு தகுதிச் சுற்றுகளில் 1,000 குதிரைத்திறனைத் தாண்டியது. காய்கறி வாங்கப் போன எஞ்சினும் கோப்பை வாங்கிய எஞ்சினும் ஒரே வம்சம் என்பதுதான் எனக்குப் பிடித்தது. எஃப்20சி-க்கு அந்தப் பெருமை கிடையாது, அது பிறந்ததே ஓட்டத்துக்கு.

ஆனால் “சிறந்தவற்றுக்குத் தண்டு தேவையில்லை” என்ற வாதம் 4ஜி63-இடம் உடைந்துவிடுகிறது. இந்தத் தண்டுகளோடு கடைக்கு வந்த எஞ்சின்தான் அது. அதன் பந்தய வடிவத்தை வைத்துக்கொண்டுதான் டோமி மேக்கினன் 1996 முதல் 1999 வரை வரிசையாக நாலு முறை உலக ராலி பட்டம் வென்றார். வேகம் கூட்டுகிறவர்கள் தண்டைக் கழற்றிப் போடுகிறார்களே என்பீர்கள். போடட்டும். கழற்றிப் போட்டதற்கும் ஒரு பெயர் வேண்டுமே.

> ‘எதிரதிர்வுத் தண்டு’ என்று வைக்கலாமா?

பொருள் மிகச் சரி. ஆனால் எதிரொலி என்றால் திரும்பி வரும் ஒலி. அந்தப் பழக்கத்தில் எதிரதிர்வு என்றதும் திரும்பி வரும் அதிர்வு என்றுதான் எனக்கே முதலில் பட்டது. அப்புறம், இந்தச் சொல்லை வேகமாக மூன்று முறை சொல்லிப் பாருங்கள். பட்டறையில் வாயில் பாதி நட்டு இருக்கும்போது சொல்ல வேண்டிய சொல் இது.

சரி, என் முன்மொழிவு. தமிழில் நாம் ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது “அவனுக்கு இவன் ஈடுகொடுத்தான்” என்போம். மோதலில் சளைக்காமல் எதிர்நிற்பதும் ஈடுதான், இழந்ததைச் சரிக்கட்டுவதும் ஈடுதான். இந்தத் தண்டு இரண்டையும் செய்கிறது. முதலில் ‘ஈடுதண்டு’ என்றுதான் எழுதினேன். என் மனைவி தமிழாசிரியை. எட்டிப் பார்த்துவிட்டு, “வீடு, வீட்டுத் தோட்டம். ஈடு என்றால் ஈட்டுத்தண்டு என்றுதானே வர வேண்டும்?” என்றாள். சரிதான். ஆனால் ‘ஈட்டுத்தண்டு’ என்று எழுதினால் பணம் ஈட்டும் தண்டு போலாகிவிடுகிறது. போதாததற்கு, ஈடு என்றால் அடமானம் என்ற பொருளும் இருக்கிறது. வைணவ நண்பர் ஒருவர் தனிமடலில், ஈடு என்றதும் தனக்குத் திருவாய்மொழி உரைதான் நினைவுக்கு வருகிறது என்று எழுதியிருக்கிறார்.

அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்ததற்குப் பதிலாக இன்னொரு நாள் எடுப்பது ‘ஈடுசெய் விடுப்பு’. விண்ணப்பத்தில் எழுதி எழுதிப் பழகிய சொல். அதே வார்ப்பில் ‘ஈடுசெய் தண்டு’. வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது, அடமானக் குழப்பமும் இல்லை. ஈடுசெய்த, செய்கிற, செய்யும் என்று முக்காலமும் அடக்கம். எஞ்சின் ஓடும் வரை ஓயாத தண்டுக்கு அது பொருத்தம்தானே!

இன்னொரு வசதியும் இருக்கிறது. இது நாலு சிலிண்டருக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை. மூன்று சிலிண்டர் எஞ்சின்களில் முன்பின் ஆட்டத்துக்காக ஒற்றைத் தண்டு வைக்கிறார்கள். சென்னைப் பக்கம் தயாராகும் ராயல் என்ஃபீல்டின் 349 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சினிலும், 2020-இல் மீட்டியர் வந்ததிலிருந்து ஒன்று இருக்கிறது. அவை வணரித்தண்டின் வேகத்திலேயே சுழல்பவை, இரண்டு மடங்கு இல்லை. ஈடுசெய்யும் பொருள் வேறு, ஆனால் ஈடுசெய்வது ஒன்றுதான். அதனால் இருமடங்கு வேகத்தைப் பெயருக்குள் நுழைக்க வேண்டும் என்று நேற்று ஒருவர் எழுதியதை நான் ஏற்கவில்லை. அந்த விவரம் உதறலின் பெயரில் வரட்டும். ஆங்கிலத்தைப் பார்த்து ‘இரண்டாம் நிலை அதிர்வு’ என்றால் ஏதோ இரண்டாந்தரமான, சின்ன அதிர்வு என்று படும். சுற்றுக்கு இரண்டு முறை என்பதுதான் பொருள் என்பதால் ‘இருமுறை உதறல்’ என்றே வைக்கலாம். ‘உதறல்’ கொச்சை என்று யாரும் கிளம்ப வேண்டாம். “எஞ்சின் உதறுது” என்று சொல்லாத மெக்கானிக்கை நான் இதுவரை பார்த்ததில்லை.

பட்டறையில் எல்லாரும் ‘பேலன்சர்’ என்றுதான் சொல்கிறார்கள், நாளைக்கும் அப்படித்தான் சொல்வார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. கேட்டது கட்டுரைக்கான சொல்.

தம்பி, உங்கள் கட்டுரையின் அந்த வரியை இப்படி மாற்றிப் பாருங்கள்: “நான்கு சிலிண்டர் எஞ்சினின் இருமுறை உதறலை, எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு ஈடுசெய் தண்டுகள் சரிக்கட்டுகின்றன.” முதல்முறை வரும் இடத்தில் மட்டும் பேலன்ஸ் ஷாஃப்ட் என்று பக்கத்தில் போட்டுவிடுங்கள். அப்புறம், உங்கள் பட்டியலில் எம்10 ஏழாவது இடத்தில் இருக்கிறது. அதையும் கொஞ்சம் பாருங்கள்.

அன்புடன்,
கோவை லேத்துக்காரன்