ரீஃபில் பண்ணி ஓட்டக்கூடிய ஆல்-இன்-ஒன் பிரிண்டர்: உங்கள் அனுபவம் என்ன?

வைகைக்கரை:

வீட்டுக்கு பிரிண்டர் வாங்கப் போனால் எல்லாரும் முதலில் விலையைத்தான் கேட்கிறோம். கடைக்காரரும் பிரிண்ட், ஸ்கேன், ஜெராக்ஸ் மூன்றும் செய்கிற மலிவான பெட்டி ஒன்றை எடுத்து வைப்பார். கூட வந்த கார்ட்ரிட்ஜ் தீர்ந்த பிறகுதான் விஷயம் தெரியும். கறுப்பும் கலரும் புதிதாக வாங்கினால் பிரிண்டர் விலையில் பாதிக்கு வந்து நிற்கும். ஹெச்பி 803 கறுப்புக்குக் கம்பெனி சொல்வதே சுமார் 195 பக்கம். கேனன் 745 என்றால் 180. அதுவும் சோதனைத் தாள்களை அடித்துப் பார்த்துப் போட்ட கணக்கு. பிள்ளைகளின் பள்ளி ப்ராஜெக்டுக்கு முழுப் பக்கப் படம் எடுக்கிற வீட்டில் அதில் பாதிகூடத் தேறாது. அதே ஹெச்பியின் 680 கறுப்பு 480 பக்கம் வரும் என்கிறார்கள். ஆகவே பிரிண்டர் மாடலைவிட, அதற்குள் போகிற கார்ட்ரிட்ஜ் நம்பரை முதலில் கேளுங்கள்.

அடுத்து கேட்க வேண்டியது, ஹெட் எங்கே இருக்கிறது என்று. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். கேனன், ஹெச்பியின் சின்ன பிரிண்டர்களில் மையைத் துப்புகிற ஹெட் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே ஒட்டியிருக்கும். காலி கார்ட்ரிட்ஜில் மை ஏற்றி, அதாவது ரீஃபில் செய்து செய்து அது தேய்ந்தாலும், காய்ந்துபோனாலும், புது கார்ட்ரிட்ஜ் போட்டால் புது ஹெட் வந்துவிடும். எப்சனில் ஹெட் பிரிண்டருக்குள் நிரந்தரமாக இருக்கிறது. நன்றாக உழைக்கும், ஆனால் அடைத்துக்கொண்டால் செலவு பெரியது. மாதத்துக்கு இருபது முப்பது தாள் எடுக்கிற வீட்டுக்கு முதல் வகையைத்தான் நான் சொல்வேன். எங்கள் வீட்டில் ஓடுவதும் அதுதான்.

ரீஃபில் ஒன்றும் பெரிய வித்தையில்லை, பொறுமை வேண்டும், அவ்வளவுதான். மேலே ஒட்டியிருக்கும் லேபிளை உரித்தால் கறுப்பில் ஒரு ஓட்டை, கலரில் மூன்று ஓட்டை இருக்கும். சில மாடலில் ஓட்டையை நாமே போட வேண்டும். எந்த ஓட்டை எந்த நிறம் என்று யூடியூப் வீடியோவை நம்பாதீர்கள், மாடலுக்கு மாடல் மாறும். பல்குச்சியை உள்ளே விட்டு எடுத்தால் நுனியில் ஒட்டிய மையே சொல்லிவிடும். உள்ளே ஸ்பாஞ்ச் இருப்பதால் சிரிஞ்சை மெதுவாக அழுத்த வேண்டும். வேகமாக ஏற்றினால் காற்றுக் குமிழி நின்றுவிடும், அப்புறம் மை இருந்தும் வெள்ளைக் கோடுதான். மை ஓட்டை வரை ஏறிவந்தால் போதும், கொஞ்சம் திரும்ப உறிஞ்சிவிட்டு நிறுத்துங்கள்.

எங்கள் ஊரில் ரீஃபில் செய்து கொடுக்கிற பையன் ஒருவன் இருக்கிறான். மை ஏற்றியதும் ஈரமான டிஷ்யூ பேப்பரில் கார்ட்ரிட்ஜின் அடியை ஒற்றி எடுப்பான். நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றும் பட்டை பட்டையாகப் பதிந்தால் திருப்பிக் கொடுப்பான். ஒரு பட்டை விட்டுப்போனால் இன்னொரு தடவை ஒற்றிப் பார்த்துவிட்டு, “இது போயிடுச்சுண்ணே, இதுக்கு மேல காசு போடாதீங்க” என்பான். அவனிடம் கொடுக்கும் காசு மைக்கு அல்ல, அந்தப் பேச்சுக்கு.

எல்லாக் கடையும் அப்படியில்லை. வேறொரு கடையில் கறுப்பு ஏற்றி வாங்கினேன். தாளில் பளிச்சென்றுதான் விழுந்தது. பள்ளியில் கொடுக்க எடுத்த ஆதார் நகல் மழைத் தூறலில் நனைந்ததும் எழுத்தெல்லாம் ஊதா நிறமாகக் கரைந்து ஓடியது. இந்தக் கறுப்புக் கார்ட்ரிட்ஜுகளில் கம்பெனி ஊற்றுவது பெரும்பாலும் பிக்மென்ட் மை, தண்ணீருக்கு அவ்வளவு எளிதில் கரையாது. கடையில் ஊற்றியது டை மை, நீரில் கரைகிற சாயம். கலருக்கு டை சரி. கறுப்புக்கு பிக்மென்ட் கேட்டு வாங்குங்கள்.

ரீஃபில் செய்த பிறகு பிரிண்டர் “மை தீர்ந்தது” என்று அடம்பிடிக்கும். கேனனில் ஸ்டாப் பட்டனை ஐந்து வினாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் மை அளவு பார்ப்பதை விட்டுவிட்டு அடிக்கத் தொடங்கும். ஹெச்பியில் வரும் எச்சரிக்கைகளுக்கு ஓகே கொடுத்துப் போகலாம். ஒன்று மட்டும் கவனம்: ஹெச்பி பிளஸ் என்ற திட்டத்தில் சேர்த்து செட்டப் செய்தால் கம்பெனி மைதான் போட வேண்டும், இன்டர்நெட்டும் இணைப்பிலேயே இருக்க வேண்டும். கூடுதல் வாரன்டி என்று திரையில் ஆசை காட்டும், ரீஃபில் பண்ணும் எண்ணம் இருந்தால் வேண்டாம் என்று விடுங்கள்.

நெல்லை டியூஷன்:

சார், நீங்கள் சொல்வது வீட்டுக்குச் சரி. நான் டியூஷன் நடத்துகிறேன், வாரா வாரம் வினாத்தாள் எடுக்க வேண்டும். சிரிஞ்சும் கையுமாக உட்கார்ந்து, துணியெல்லாம் கறையாகி, கடைசியில் கார்ட்ரிட்ஜ் இல்லாமல் பாட்டில் மையை நேரே ஊற்றுகிற இங்க் டேங்க் மாடலுக்கு மாறிவிட்டேன். எப்சன் எல்3210. 003 கறுப்பு பாட்டில் 65 மி.லி., 4,500 பக்கம் வரும் என்று போட்டிருக்கிறார்கள். மாதக்கணக்கில் மையைப் பற்றி நினைப்பே வருவதில்லை. வாங்கும்போது விலை மூன்று மடங்கு என்று வீட்டில் ஒரே பேச்சு, இப்போது அவர்களே சாமி படம் கலரில் எடுக்கிறார்கள்.

தாளின் இரண்டு பக்கமும் தானாக அடிக்காது, கையால் திருப்பிப் போட வேண்டும். மேலே தாளை அடுக்கி வைத்து ஜெராக்ஸ் எடுக்கும் வசதியும் இல்லை, ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து வைக்க வேண்டும். நோட்ஸ் நகல் எடுக்கிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

புதுவீடு_ஓசூர்:

டேங்க் வாங்கினால் கவலையில்லை என்று எண்ண வேண்டாம். கோடை விடுமுறை முழுக்க ஊரில் இருந்துவிட்டு வந்தோம். மஞ்சள் வரவேயில்லை. ஹெட் கிளீனிங் கொடுக்கக் கொடுக்க டேங்கில் மை குறைந்ததுதான் மிச்சம். சர்வீஸ் சென்டரில் ஹெட் மாற்ற வேண்டும் என்று சொன்ன தொகைக்கு, சின்ன கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் ஒன்று வாங்கிவிடலாம். இப்போது செகண்ட் ஹேண்டில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

வைகைக்கரை:

வாங்கலாம், இரண்டு விஷயம் பார்த்துவிட்டு. ஒன்று, ஹெட்டின் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டுகிற நாசில் செக் தாள் உங்கள் கண்முன்னே எடுக்கச் சொல்லுங்கள், கோடு எங்கும் அறுபடக் கூடாது. கார்ட்ரிட்ஜில் ஹெட் உள்ள மாடல் என்றால் இது அறுபட்டாலும் பரவாயில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம். இரண்டாவது, கிளீனிங்கில் வழிகிற மையெல்லாம் பிரிண்டரின் அடியில் ஒரு பஞ்சு மெத்தையில் போய்ச் சேரும். அது நிரம்பிவிட்டது என்று பிரிண்டர் கணக்குப் போட்டால் வேலையை நிறுத்திவிடும். கேனனில் 5பி00 என்று வருவது இதுதான். அடிக்கடி ரீஃபில் செய்து, அடிக்கடி கிளீனிங் கொடுத்த பிரிண்டரில் இது சீக்கிரம் வரும். புது டேங்க் மாடல்கள் சிலவற்றில் அந்தப் பஞ்சு இருக்கும் பெட்டியை நாமே கழற்றி மாற்றலாம். பழையதில் மெக்கானிக்தான் வர வேண்டும்.

வாங்கிய பிறகு, பிரிண்டரின் சொந்த பட்டனில் அணைத்துவிட்டு அப்புறம் சுவர் சுவிட்சைத் தொடுங்கள். அப்போதுதான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். நேரே சுவரில் அணைத்தால் பாதி வழியில் திறந்தபடி நின்று காயும். வாரம் ஒரு கலர் தாள் எடுங்கள். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுத்தால் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வீர்கள் இல்லையா, அப்படியே ஒரு தாளும் அடிக்கச் சொல்லிவிடுங்கள்.