தீப்பட்ட மலைக்காடு மீண்டுவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? தோவாளை மலைச்சரிவுகள் குறித்து ஒரு கேள்வி

கேள்வி: தாவரவியல் மாணவி, நாகர்கோவில்

அனைவருக்கும் வணக்கம். முதுகலைத் தாவரவியல் இரண்டாம் ஆண்டில் படிக்கிறேன். கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை வட்டத்தின் மலைச்சரிவுகளில் தீப்பட்ட காடு எவ்வளவு காலத்தில், எந்த அளவுக்குப் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதை ஆய்வேட்டுக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். செயற்கைக்கோள் படங்களிலிருந்து பசுமைக் குறியீட்டைக் கணக்கிட்டு, தீக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவதே முதலில் வகுத்த திட்டம். கணக்கிட்டுப் பார்த்தபோது, எரிந்த இடங்களில் பெரும்பாலானவை அடுத்த மழைக்காலம் முடிவதற்குள்ளேயே பழைய குறியீட்டு அளவை எட்டிவிட்டன. இதைக் காட்டின் மீள்திறன் உயர்ந்திருப்பதற்குச் சான்றாக எழுதலாம் என்று வழிகாட்டி சொல்கிறார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அனுமதி பெற்று வனக்காவலர்களுடன் அந்த இடங்களில் சிலவற்றுக்குச் சென்றபோது, படத்தில் பச்சையாகத் தெரிந்த பரப்பில் ஆளுயரப் புல்லும், உண்ணிச்செடியும், நம் பகுதியில் கம்யூனிஸ்ட் பச்சை என்று சொல்லும் செடியுமாகக் களைகளே நிறைந்திருந்தன. மரக்கன்றுகளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட இடத்தை மீண்ட காடு என்று எழுதலாமா? எழுதக்கூடாது என்றால், ஓர் ஆண்டுக்குள் ஒரு மாணவியால் அளக்கக்கூடியது எது? நீலகிரி மாவட்டத்து முதுமலையில் நடந்த நீண்டகால ஆய்வுகளின் முடிவுகள் நம் மாவட்டத்துக்குப் பொருந்துமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1: சூழலியல் ஆய்வாளர், மேற்குத் தொடர்ச்சி மலை

உங்கள் ஐயம் சரியானது, அதை விட்டுவிடாதீர்கள். பசுமைக் குறியீடு இலைப்பரப்பின் அளவைச் சொல்லுமே தவிர, அந்த இலை எந்தச் செடியுடையது என்பதைச் சொல்லாது. ஒரு பருவ மழையில் தழைக்கும் புல்லும் நூறாண்டு வளர்ந்த மரத்தின் கிளைப்பரப்பும் அந்தக் கணக்கில் ஏறத்தாழ ஒரே மதிப்பைத் தரக்கூடும். எரிந்த பரப்பின் எல்லையை வரைவதற்கு மட்டும் செயற்கைக்கோளைப் பயன்படுத்துங்கள். மீட்சியை அளக்க, மரக்கன்றுகள் இருக்கும் தரைக்குத்தான் போக வேண்டும்.

முதுமலையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ராமன் சுகுமாரும் அவருடைய குழுவினரும் 1988இல் தொடங்கிய 50 ஹெக்டேர் நிரந்தர ஆய்வுப்பரப்பில், ஒவ்வொரு மரமும் எண்ணிடப்பட்டுத் தொடர்ந்து கணக்கெடுக்கப்பட்டு வருகிறது. தரைத்தீ பெரிய மரங்களை அதிகம் கொல்வதில்லை, சிறு தண்டுகளைத்தான் கொல்கிறது, அவற்றில் பல வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கின்றன என்பது அங்கிருந்து தெளிவாகத் தெரிந்த செய்திகளுள் ஒன்று. நரேந்திரன் கோதண்டபாணி, மார்க் காக்ரேன், சுகுமார் ஆகியோர் 2004இல் வெளியிட்ட கட்டுரை இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பகுதியில் ஓரிடம் எரிந்து மறுபடி எரிவதற்குச் சராசரியாகப் பத்தாண்டுகள் ஆயின. நூற்றாண்டின் இறுதியில் அந்த இடைவெளி மூன்று ஆண்டுகளை ஒட்டிச் சுருங்கிவிட்டது. துளிர்த்த தண்டு பட்டை தடித்து நிமிர்வதற்குள் அடுத்த தீ வந்துவிடுகிறது என்பதே இதன் பொருள்.

ஆனால் முதுமலைப் பரப்பு வறண்ட இலையுதிர்க்காடு. தேக்கு, வேங்கை, கருமருது போன்ற தடித்த பட்டையுள்ள மரங்கள் அங்கே நீண்ட காலமாகத் தீயோடு வாழ்ந்து பழகியவை. கன்னியாகுமரி மாவட்டத்திலோ சில கிலோமீட்டர் தொலைவுக்குள் முள்ளும் புதருமான அடிவாரம், இலையுதிர்க்காடு, பசுமைமாறாக்காடு, முத்துக்குழிவயல் பக்கத்துச் சோலையும் புல்வெளியும் என எல்லாம் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. பசுமைமாறா மரங்களுக்குப் பட்டை மெல்லியது. அமேசானியக் காடுகளில் காக்ரேனும் பிறரும் 1990களில் கண்டது இதனால் உங்களுக்கு முதுமலையை விட முக்கியமாகலாம். முழங்காலுக்கும் கீழே, மெதுவாக ஊர்ந்து போகும் தீகூட அத்தகைய காட்டில் ஏராளமான மரங்களைக் கொன்றுவிடுகிறது. அவை உடனே விழுவதில்லை. ஓரிரு ஆண்டுகளில் பட்டுப்போய், மரக்கிளைகள் மேலே பின்னியிருக்கும் கூரை திறந்து, வெயில் தரைக்கு வந்து, சருகு காய்ந்து, இரண்டாம் தீ முதல் தீயை விடக் கடுமையாகிறது. முதல் தீக்குப் பின் காட்டைப் பார்த்துவிட்டுப் பெரிய சேதமில்லை என்று எழுதியவர்கள், இரண்டாம் தீக்கு முன்னால் திரும்பிப் போய்ப் பார்க்காதவர்கள் என்றே சொல்வேன்.

ஆகவே உங்கள் ஆய்வின் மையக் கேள்வி ‘எத்தனை மாதத்தில் பச்சையானது’ என்பதாக இருக்க வேண்டாம். ஒருமுறை எரிந்த இடம், பலமுறை எரிந்த இடம், எரியாத இடம் ஆகிய மூன்றிலும் எந்தெந்த மரங்களின் கன்றுகள் உள்ளன, அவற்றில் விதையிலிருந்து முளைத்தவை எவ்வளவு, வேரிலிருந்து துளிர்த்தவை எவ்வளவு என்பதாக இருக்கட்டும். மேலே நிற்கும் முதிர்ந்த மரங்களின் இனங்களும் கீழே நிற்கும் கன்றுகளின் இனங்களும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று பார்த்தாலே காடு எந்தத் திசையில் போகிறது என்பது புலப்படும்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற வனவர், தடிக்காரன்கோணம்

அன்பு மகளுக்கு, ஆய்வாளர் எழுதியவற்றோடு எனக்கு உடன்பாடு உண்டு. களத்திலிருந்து ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தீக்காலம் என்றால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை என்று நீலகிரியைப் பார்த்து எழுதிவிடாதே. நம் மாவட்டத்தில் கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் ஜூன் மாதத்தில் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே மழை மறைவுப் பகுதி காய்ந்தே கிடக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதமும் கணவாய் வழியே வீசும் காற்றுக்காகத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். அந்தச் சரிவுகள் பசுமையாவது வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகுதான். எனவே ஒரே மலையின் இரு பக்கங்களுக்கு இரண்டு தீக்காலங்கள். கிழக்குச் சரிவில் ஆடிக்காற்றில் பிடித்த தீயை மாசி மாதத்துத் தீயைப் போல நினைத்து யாரும் அணைக்கப் போக முடியாது. காற்று திசை மாறாமல் மேல்நோக்கித் தள்ளும்போது தீ வரும் வழியை முன்கூட்டியே எரித்துவிடும் எதிர்த்தீ வைப்பதற்குக்கூட நேரம் கிடைக்காது.

இன்னொன்று. இந்தத் தீ எதுவும் தானாகப் பிடிப்பதில்லை. மின்னலால் பிடிப்பது நம் பக்கம் அரிது. புதுப்புல் வேண்டி மேய்ச்சல்காரர் வைப்பது, வேட்டைக்காரர் வைப்பது, பாதையோரத்தில் அணைக்காமல் எறியும் பீடி ஆகியவைதான் காரணம். தேனி மாவட்டத்தில் 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன, அது வேண்டியதுதான். ஆனால் மலையடிவாரத்து மக்களோடு பேசித் தீர்க்க வேண்டியதை விதிமுறை மட்டும் தீர்க்காது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் பழங்குடியினரான சோலிகர்கள் முற்காலத்தில் பருவம் பார்த்துச் சருகுக்கு மட்டும் சிறுதீ வைத்துவந்தார்கள். அது தடை செய்யப்பட்ட பின்பு உண்ணிச்செடி காட்டை மூடிவிட்டது என்று அவர்களே ஆய்வாளர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நம் மலைப் பழங்குடியினரான காணிக்காரர் குடியிருப்புகளில் முதியவர்களிடம் நீ உட்கார்ந்து கேட்டால், எந்தச் சரிவு எப்போது எரிந்தது என்பது அலுவலகப் பதிவேட்டில் இல்லாத தெளிவோடு கிடைக்கும்.

மறுமொழி 3: ரப்பர் விவசாயி, குலசேகரம்

காட்டை ஒட்டிய ரப்பர் தோட்டங்களையும் உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ரப்பர் மரம் மொத்தமாக இலை உதிர்க்கும். அப்போது தோட்டத்தின் தரை முழுவதும் காய்ந்த இலைதான். இளம் தோட்டங்களில் மண்ணைக் காக்க வளர்க்கும் பியூரேரியா கொடியும் கோடையில் காய்ந்துவிடும். எல்லையில் சருகை வாரித் தீத்தடுப்புக் கோடு எடுக்காத தோட்டம், தீ காட்டுக்குள் போவதற்கும் காட்டிலிருந்து வெளியே வருவதற்கும் வழியாகிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் பக்கம் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. காட்டுக்குள்ளும் பெருமரங்கள் ஏராளமாக விழுந்தன. தோட்டத்தில் விழுந்ததை நாங்கள் அறுத்து விற்றோம். காட்டில் விழுந்தது அங்கேயே கிடந்தது. அது தீக்கு விறகாகாதா?

மறுமொழி 4: கேள்வி கேட்ட மாணவி

ஆய்வாளர் ஐயாவுக்கும் வனவர் ஐயாவுக்கும் அண்ணாச்சிக்கும் மிக்க நன்றி. இரண்டு தீக்காலங்கள் என்பதை என் திட்டத்தில் நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. தரவை இனி சரிவு வாரியாகப் பிரித்துக்கொள்வேன். அண்ணாச்சி கேட்ட ஒக்கிப் புயல் பற்றிய கேள்விக்கு விடை தெரிந்தால், ஆய்வுப்பரப்புகளைத் தேர்வதற்கு உதவும். பருவநிலை மாற்றத்தின் பங்கை ஓராண்டு ஆய்வில் காட்ட இயலுமா என்பதையும் ஆய்வாளர் ஐயா சொன்னால் நல்லது.

மறுமொழி 5: சூழலியல் ஆய்வாளர்

அண்ணாச்சியின் கேள்வி ஆழமானது. மெக்சிகோவின் யுகாட்டான் பகுதியில் 1988 செப்டம்பரில் கில்பர்ட் புயல் காட்டைச் சாய்த்தது. அடுத்த ஆண்டு வறட்சியில் அங்கே ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. ஆனால் நம் காட்டில் ஒக்கி சாய்த்த மரங்களில் பெரும்பகுதியை ஈரமும் கறையானும் இந்நேரம் மட்கச் செய்திருக்கும். இப்போது எஞ்சியிருப்பது கூரையில் விழுந்த திறப்புகளும், அவற்றில் ஏறிய கொடிகளும் புதர்களும்தான். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கிழக்கு அமேசானியாவின் பரகோமினாஸில் கிறிஸ்டோபர் உல், பூன் காஃப்மன் ஆகியோர் செய்து 1990இல் வெளியிட்ட ஆய்வின்படி, மேய்ச்சல் நிலம் மழை நின்ற ஒரே நாளில் எரியக்கூடிய நிலைக்கு வருகிறது. மரம் வெட்டிக் கூரை திறந்த காடு ஐந்தாறு நாளில் வருகிறது. கூரை மூடிய முதிர்ந்த காடு முப்பது நாள் மழையில்லாமல் இருந்தும் அந்த நிலையை அடையவில்லை. நிழல்தான் அதைக் காத்திருக்கிறது. ஆகவே எரிந்த, எரியாத பரப்புகளோடு, ஒக்கியால் கூரை திறந்த பரப்பு ஒன்றையும் சேர்த்துக்கொண்டு, மூன்றிலும் சருகைச் சேகரித்து எடைபோட்டு, உலர்த்தி மறுபடி எடைபோட்டு ஈரப்பதத்தைக் கணக்கிடுங்கள். இதற்கு ஒரு தராசும் உலர்த்தும் அடுப்பும் போதும்.

பருவநிலை மாற்றத்தை ஓராண்டுத் தரவில் காட்ட முடியாது. காட்டியதாக எழுதவும் கூடாது. அது செயல்படும் வழியை மட்டும் அளக்கலாம். வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் காற்று ஏற்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். அந்த அளவுக்கு மழை வந்து ஈடு செய்யாவிட்டால், காற்று சருகிலிருந்தும் இலையிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சும். மெல்லிய சருகு காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ஒரு மணி நேர அளவிலேயே மாறிவிடும் என்பதால், வெப்பமானியும் ஈரப்பதமானியும் ஒவ்வொரு பரப்பிலும் இருந்தால் இந்த உறவை நேரடியாகவே காட்டலாம். அமெரிக்க ராக்கி மலைத்தொடரில் 52 தீக்களங்களில் 1,485 இடங்களை ஆராய்ந்து 2018இல் வெளியான கட்டுரை, 2000க்குப் பின் எரிந்த இடங்களில் மரக்கன்றுகள் குறைந்திருப்பதையும், தீக்குப் பிந்தைய ஆண்டுகளின் வறட்சி அதற்கு ஒரு காரணம் என்பதையும் காட்டியது. அங்குள்ளவை ஊசியிலை மரங்கள். முடிவை இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் தீயை மட்டும் பார்க்காமல், தீக்குப் பின் கன்று முளைக்கும் காலத்து மழையையும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்த அந்த முறை உங்களுக்கு அப்படியே உதவும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் மழைப்பதிவுகளைக் கேட்டு வாங்கிவையுங்கள்.

எரிந்த இடங்களை அறிய தீப்பிடித்த இடங்களைக் காட்டும் நாசாவின் ஃபிர்ம்ஸ் இணையதளத்தில், செயற்கைக்கோளில் உள்ள வீர்ஸ் கருவியின் தரவு 2012 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் ஒரு புள்ளி ஏறத்தாழ 375 மீட்டர் பக்கமுள்ள சதுரப் பரப்பைக் குறிக்கும். பிற்பகலிலும் நள்ளிரவிலும் ஒன்றரை மணியை ஒட்டித்தான் செயற்கைக்கோள் கடந்து போகும். இடையில் பிடித்து அணைந்த சிறுதீயும், அடர்ந்த கூரைக்குக் கீழே ஊர்ந்த தீயும் அதில் விடுபடும். விடுபடுபவை பசுமைமாறாக் காட்டுக்கு மிகவும் கேடானவை என்பதால், வனவர் ஐயா சொன்னபடி காணிக்காரர்களிடம் கேட்பதை ஆய்வுமுறையின் ஒரு பகுதியாகவே எழுதுங்கள்.

மேற்குப் பக்கப் பரப்புகளில் டிசம்பருக்குள்ளும், கிழக்குப் பக்கத்தில் மே மாதத்துக்குள்ளும் கன்றுகளுக்கு எண் கட்டி முடித்துவிடுங்கள். தீக்காலத்துக்கு முன் எண்ணப்படாத கன்று இறந்ததா, முதலிலேயே இல்லையா என்று பிறகு சொல்ல வழியில்லை. எண் தகடுகள் அலுமினியத்தில் இருக்கட்டும், பிளாஸ்டிக்கில் வேண்டாம்.