லாரி கேபின் மேல் ரேக்: முன்பகுதியைக் கழற்றும்படி செய்வது எப்படி?

வணக்கம் அண்ணன்மாரே. 10 அடி லாரி, கேபினைக் கவிழ்த்து இன்ஜின் பார்க்கும் வகை. 2 ஏணி, 4 மீட்டர் பிவிசி பைப், மொத்தம் 40 கிலோ தாங்க வேண்டும்.

ரேக்கைக் கேபினிலும் பின்பெட்டியிலும் சேர்த்து முடுக்கினால் இரண்டும் வேறுவேறாக ஆடும், வெல்டிங் விரிசல் விட்டுவிடும். பெட்டியில் மட்டும் பிடித்து 1.2 மீட்டர் முன்னே நீட்டினாலும் தொல்லைதான்: கவிழும்போது கேபின் கூரையின் பின்விளிம்பு முதலில் மேலெழுந்து ரேக்கில் இடிக்கும்.

ஆகவே முன்பகுதியைச் செருகிக் கழற்ற நினைக்கிறேன். வெளியே 40×40×2 மி.மீ. சதுர இரும்புக் குழாய், உள்ளே 35×35. சுற்றிலும் அரை மி.மீ. இடைவெளிதான், குழாயின் உள்தையலை (உள்ளே நீளவாக்கில் இருக்கும் வெல்டிங் மேட்டை) அரம் போட்டால்தான் நுழையும். எவ்வளவு நீளம் உள்ளே போக வேண்டும், 300 மி.மீ. போதுமா? ஒரு குழாய்க்கு ஒரு 10 மி.மீ. பூட்டு ஊசி (pin) போதுமா, கடகடக்குமா? கீல் வைத்து மடக்குவது மேலா?

மழையில் உட்புறம் துருப்பிடித்து இறுகிப்போகாமல் என்ன பூசுகிறீர்கள்? சிங்கப்பூரில் காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் இதைச் செய்யும் பட்டறை தெரிந்தாலும் சொல்லுங்கள்.