புதிய எல்இடி விளக்கு மாட்டிய பிறகு பவளங்கள் வெளுக்கின்றன: ஒளி போதவில்லையா, மிகுதியா?

சிப்புட் தொட்டி

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் தோட்டத்து வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். நீளம் 75, அகலம் 45, உயரம் 45 சென்டிமீட்டர். ஏறக்குறைய 150 லிட்டர். ஒன்றரை ஆண்டாக டி5 குழல் விளக்கின் கீழ் எல்லாம் நன்றாகவே வளர்ந்தன. குழல்கள் மங்கியதால் ஆறு வாரங்களுக்கு முன் 165 வாட் எல்இடி விளக்கு வாங்கி மாட்டினேன். நீலத்தையும் வெள்ளையையும் ரிமோட்டில் தனித்தனியே கூட்டலாம், குறைக்கலாம். நேரமும் அதிலேயே வைக்கலாம். நீலம் 60, வெள்ளை 40 விழுக்காடு, காலை 11 முதல் இரவு 8 வரை என்று வைத்தேன்.

நான்காம் வாரத்தில் பாறை உச்சியில் இருந்த சுத்தியல் பவளம் சுருங்கத் தொடங்கியது. பச்சையாக இருந்தது பால் கூடிய தேநீர் நிறத்துக்கு வந்து, இப்போது நுனியெல்லாம் வெள்ளை. கிளையின் ஓரத்தில் சதை விலகி எலும்பு தெரிகிறது. உள்ளங்கை அகலம் விரிந்திருந்த காளான் பவளங்கள் 20 சென் நாணயம் அளவுக்கு ஒடுங்கிவிட்டன. வாங்கிய கடையில் கேட்டதற்கு, "165 வாட் போதாது, ஒளியைக் கூட்டுங்கள்" என்றார்கள். போன வாரம் நீலம் 80, வெள்ளை 60 ஆக்கினேன். நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது.

உப்படர்த்தி 1.025, வெப்பம் 28 முதல் 29 பாகை, நைட்ரேட் 10, பாஸ்பேட் 0.05, கார அளவு 8.2. கடன் வாங்கியாவது வேறு விளக்கு வாங்கத் தயார். எதை வாங்குவது? கண்ணெதிரே சாகின்றன, வழி சொல்லுங்கள்.

கிள்ளான் கடல்மீன்

என் தொட்டியில் இரண்டு விளக்குகள், மொத்தம் 300 வாட்டுக்கு மேல். அதன் பிறகுதான் பவளங்கள் நிறம் பிடித்தன. ஒரே விளக்கை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

ஈப்போ உப்புநீர்

தம்பி, முதலில் ரிமோட்டை எடுத்து நீலத்தை 25, வெள்ளையை 5 ஆக்கிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

ஒளி போதாத பவளம் பொதுவாக வெளுக்காது, பழுப்பாகும். பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. உணவில் பெரும்பங்கை அவையே சமைத்துக் கொடுக்கின்றன. வெளிச்சம் குறைந்தால் பவளம் அந்தப் பாசியைப் பெருக்கிக்கொண்டு, ஒளியை நோக்கி நீண்டு எட்டிப் பார்க்கும். வெளிச்சம் மிஞ்சினால் பாசியின் வேலை எல்லை மீறி, சதையைச் சுடும் ஆக்சிஜன் வகைகள் உண்டாகின்றன. அதைத் தாங்க முடியாமல் பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நீங்கள் பார்க்கும் வெள்ளை அதுதான். தண்ணீர் சூடாக இருந்தால் இது இன்னும் விரைவாக நடக்கும். 2010-இல் கடல்நீர் சூடேறி ரெடாங், தியோமான் தீவுகளில் பவளங்கள் வெளுத்தபோது சில முக்குளிப்பு இடங்களையே மூடி வைத்தார்கள். நம் வீட்டுத் தொட்டிக்கும் அதே விதிதான்.

வாட் என்பது மின்சாரச் செலவின் கணக்கு. பவளத்துக்கு எவ்வளவு ஒளி போய்ச் சேர்கிறது என்பதை அது சொல்லாது. அதற்கு பிஏஆர் என்ற அளவு இருக்கிறது; பாசி உணவு சமைக்கப் பயன்படும் ஒளி எவ்வளவு விழுகிறது என்பதை அது காட்டும். காளான் பவளத்துக்கு 50 பக்கம் போதும். சுத்தியலுக்கு 80 முதல் 150 வரை. கிளை கிளையாக வளரும் அக்ரோபோரா போன்ற கல்பவளங்களுக்குத்தான் 250-க்கு மேல் வேண்டும். கிள்ளான் நண்பர் வைத்திருப்பது அந்த வகையாக இருக்கலாம். அவருக்குப் பொருந்துவது உங்களுக்குப் பொருந்தாது.

மூன்று கேள்விகள். விளக்கு தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது? லென்ஸ் எத்தனை பாகை? பாறை நிழலில் ஏதாவது பவளம் இருக்கிறதா, அது எப்படி இருக்கிறது?

சிப்புட் தொட்டி

குறைத்துவிட்டேன் அண்ணா. உயரம் 15 சென்டிமீட்டர். பெட்டியில் 90 பாகை என்று போட்டிருக்கிறது. நிழலைப் பற்றிக் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன்: பாறை விளிம்புக்குக் கீழே மறைந்திருந்த ஒரு காளான், மேலே உள்ளவற்றைப் போல மூன்று மடங்கு அகலத்தில் விரிந்து, ஓரமெல்லாம் நீலமாக இருக்கிறது. இத்தனை நாள் அதை நான் கவனிக்கவே இல்லை.

ஆனால் ஒன்று விளங்கவில்லை. முதல் மூன்று வாரம் இதே விளக்கில் நன்றாகத்தானே இருந்தன? இன்னொன்று, அம்மா இன்று சொன்னார்: "இடி இடிக்கிற நாளெல்லாம் உன் தொட்டி அறை கல்யாண மண்டபம் மாதிரி வெள்ளையாக எரிகிறது, கண் கூசுகிறது என்று நான்தான் திரைச்சீலையை இழுத்துவிடுகிறேன்." எனக்குச் செம்பனை ஆலையில் பெரும்பாலும் இரவு வேலை; மாலையில் கிளம்பினால் விடிந்துதான் வருவேன்.

தைப்பிங் மின்பணி

அம்மா சொன்னதை விட்டுவிடாதீர்கள் தம்பி. மழைக்குப் பேர்போன ஊரில் இருபது ஆண்டு மின்வேலை செய்பவன் சொல்கிறேன், இதில்தான் விடை இருக்கிறது. விளக்கின் பிளக்கைப் பிடுங்கி, பத்து எண்ணி, திரும்பச் செருகுங்கள். எந்த அளவில் எரிகிறது, நேரம் என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள்.

சிப்புட் தொட்டி

செய்து பார்த்தேன். கை நடுங்கிவிட்டது. 25-இல் வைத்திருந்த விளக்கு நீலம் 100, வெள்ளை 100 என்று எரிகிறது. நேரம் 00:00. நான் ரிமோட்டை எடுக்கும்வரை அணையவே இல்லை.

விளக்கு மாட்டிய மூன்றாம் வாரத்தில்தான் இங்கே பிற்பகல் இடிமழை தொடங்கியது. ஒவ்வொரு முறையும் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் விசை) விழும், அம்மா தூக்கிவிடுவார். அப்படியானால் அந்த இரவுகளில் எல்லாம் பவளங்கள் விடிய விடிய முழு வெளிச்சத்தில் வெந்திருக்கின்றன. காலையில் அறைக்குள் வந்தால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். தூக்கக் கலக்கத்தில் ரிமோட்டில் பழைய அளவை வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். ஏன் அளவு மாறியிருக்கிறது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

தைப்பிங் மின்பணி

மனம் தளராதீர்கள். மின்தடை வந்தால் அளவை மறந்துவிடும் விளக்கு அது. அதற்குள் நினைவுக்கான பேட்டரி இல்லை. அதை வெளி டைமரில் மாட்டி நேரத்தை மட்டும் கட்டுப்படுத்தலாம் என்று நினைத்துவிடாதீர்கள். டைமர் ஒவ்வொரு காலையும் மின்சாரம் கொடுக்கும்போது விளக்கு 100-இல்தான் எழும். அது இன்னும் கேடு.

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அளவையும் நேரத்தையும் மின்தடைக்குப் பிறகும் நினைவில் வைக்கும் விளக்கு. மற்றது, கையால் திருகும் குமிழ் உள்ள விளக்கு. குமிழைத் திருகிய இடத்தில் அது அப்படியே நிற்கும், மின்சாரம் எத்தனை முறை போய் வந்தாலும் மாறாது. நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனி மின்கம்பி வரும் வகையாகப் பார்த்து, இரண்டையும் உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர்களில் செருகுங்கள். பல் சுழலும் பழைய டைமர் வேண்டாம். மின்சாரம் நின்ற நேரம் அதுவும் நின்று, பிறகு பிந்தியே ஓடும். எதை வாங்கினாலும் கடையிலேயே 20 விழுக்காட்டில் வைத்து, பிளக்கைப் பிடுங்கிச் செருகச் சொல்லிப் பாருங்கள்.

இடிக்கு ஆர்சிசிபி விழுவது நம் நாட்டில் வழக்கம்தான். ஆனால் மழையில்லாத நாளிலும் விழுந்தால் உப்புநீர் எங்கோ கசிகிறது என்று பொருள். ஆள் வைத்துப் பாருங்கள். எக்காரணத்தைக் கொண்டும் அதைக் கழற்றிவிடாதீர்கள். மின்கம்பிகள் பிளக்குக்குப் போகுமுன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். விளக்குக்கு யுபிஎஸ் வைக்க வேண்டியதில்லை. பணம் இருந்தால் அலை பம்புக்கு வையுங்கள். இருட்டைப் பவளம் ஒரு நாள் தாங்கும், ஓட்டமில்லாத நீரில் மீன் தாங்காது.

ஈப்போ உப்புநீர்

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நாங்கள் யாரும் கேட்காததை அவர் பார்த்திருக்கிறார்.

உயரத்தையும் சரிசெய்யுங்கள். 90 பாகை லென்ஸில் ஒளி எவ்வளவு கீழே இறங்குகிறதோ ஏறக்குறைய அவ்வளவுதான் பக்கத்துக்குப் பரவும். 15 சென்டிமீட்டரில் தொங்கினால் நடுவில் சுடும், ஓரத்தில் இருட்டு. 30-க்கு ஏற்றுங்கள். தோட்டத்து வீட்டுக் கூரைப் பலகை எடை தாங்காது. மேலே உள்ள மரச்சட்டத்தில் கொக்கி போட்டு எஃகுக் கம்பியில் தொங்கவிடுங்கள். ஏற்றும்போது விளக்கின் விசிறியையும் பாருங்கள். என்னுடையதில் இறக்கைகளின் மேல் உப்பு வெள்ளைப் பொருக்காகப் படிந்து சுழலவே திணறியது. பழைய பல்துலக்கியால் தேய்த்தெடுத்தேன்.

சுத்தியலை மணலுக்கு இறக்கி, மிதமான ஓட்டத்தில் வையுங்கள். அதன் பிறகு இடம் மாற்றாதீர்கள். நாளுக்கு எட்டு மணி நேரம் நீலம் 25, வெள்ளை 5. வாரத்துக்கு 5 விழுக்காடு மட்டும் நீலத்தைக் கூட்டலாம். நுண்பாசி மிக விரும்புவது 400 முதல் 480 நானோமீட்டர் வரையுள்ள நீலத்தைத்தான். வெள்ளை பெரும்பாலும் நம் கண்ணுக்காக. கைப்பேசியின் ஒளிமானி நீலத்தைக் குறைத்துக் காட்டும், நம்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்கு வந்தால் என் பிஏஆர் மானியை இரவல் தருகிறேன்.

சிப்புட் தொட்டி

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். குமிழ் வகை விளக்கும் இரண்டு டைமர்களும் வாங்கினேன். கடையில் மூன்று முறை பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். உயரம் 30. அண்ணாவின் மானியில் மணலில் 70, பாறை உச்சியில் 140. இடையில் நான்கு முறை ஆர்சிசிபி விழுந்தது. நான்கு முறையும் விளக்கு வைத்த அளவிலேயே எழுந்தது.

சுத்தியலின் ஒரு தலை செத்துவிட்டது. மற்ற இரண்டில் அடியிலிருந்து பழுப்பு ஏறுகிறது. நேற்று ஒரு நுனியில் நெல்மணி அளவுக்குப் பச்சை தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீலம் இப்போது 45. இன்னும் கூட்டலாமா?

ஈப்போ உப்புநீர்

வேண்டாம் தம்பி. இரண்டு மாதம் அப்படியே விடுங்கள். செத்த தலையை மட்டும் வெட்டி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதன்மேல் பாசி படர்ந்து பக்கத்துத் தலைக்கு வரும்.